இடது தொடையில் ஒரு சாண்

தோல் எடுத்த இடம் வலிக்கும், அரிக்கும், ஆனால் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். எப்படி அரிக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. எட்டாம் நாள், சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டு அடுக்களையில் உட்கார்ந்து, இடது தொடைக் கட்டின் மேல் அகப்பைக் காம்பால் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

சென்ற மாதம் பத்திரிகையில் ஒரு செய்தி படித்தேன். வெளிநாட்டில் இரட்டையரில் ஒருவர் மற்றவருக்குத் தம் சிறுநீரகங்களில் ஒன்றையே எடுத்துக் கொடுத்தாராம். வாங்கியவரைப் பற்றி நிறைய எழுதியிருந்தார்கள். கொடுத்தவரைப் பற்றி, அவரும் சுகம் என்று ஒரே வரி. எனக்கு அது போதவில்லை. நாளைக்கு நம் பக்கத்திலும் யாராவது இப்படிக் கொடுக்கத் துணியலாம். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

என் கணவர் தாலுகா ஆபீசில் குமாஸ்தா. எனக்கு அப்போது இருபத்தாறு வயது, குழந்தை இல்லை. மாதத்தில் நான் வீட்டுக்குத் தூரமாகிப் புறவாசலில் ஒதுங்கியிருக்கும் மூன்று நாளும் மாமியார்தான் சமைப்பார். அந்த மாதம் அத்தை தம் தம்பியைப் பார்க்க வாசுதேவநல்லூர் போயிருந்தார். ஓட்டல் காப்பி ஆகாத என் கணவர், தானே போட்டுக்கொள்ளக் கிளம்பினார். எரிகிற பம்பு ஸ்டவ்வில் மண்ணெண்ணெய் ஊற்றக் கூடாது என்பதை அவருக்கு யாரும் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை. சாக்கை நனைத்து நான்தான் போர்த்தி அணைத்தேன். தீட்டுப் பார்க்க நேரமில்லை.

பாளையங்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நெஞ்சு, வயிறு, முதுகு, இரண்டு தொடைகளும் வெந்திருந்தன. தோல் போன இடத்தின் வழியே உடம்பின் நீரெல்லாம் வடிகிறது, அதை மூடாவிட்டால் ஆள் தங்கமாட்டார் என்றார் டாக்டர். மூடுவதற்குத் தோல் ஒட்டு (ஒருவரது மேல்தோலைச் சீவி எடுத்து மற்றவர் புண்மேல் பரப்புவது) வேண்டும். எடுக்கிற நிலையில் அவர் உடம்பு இல்லை. கூடப்பிறந்தவர் கிடையாது. அத்தைக்கு நீரிழிவு. நான் கொடுக்கிறேன் என்றேன்.

"ஒங்க தோலு அவருக்கு நெலைக்காதும்மா. மூணு வாரம் வாடகைக்கு இருக்கும், பொறவு உரிஞ்சிரும். அதுக்குள்ள தேறிட்டாருன்னா, அவரு தோலையே கொஞ்சங்கொஞ்சமா எடுத்து வச்சிரலாம்" என்றார் டாக்டர்.

இரண்டு தடவையாக எடுப்பது என்று முடிவாயிற்று. முதலில் இடது தொடையிலிருந்து நெஞ்சுக்கு. பன்னிரண்டாம் நாள் வலது தொடையிலிருந்து முதுகுக்கு.

தனக்கு மிஞ்சித்தான் தானமும் தர்மமும் என்று என் அண்ணன் பஸ் ஏறி வந்து சொல்லிவிட்டுப் போனான். சொன்னதென்னவோ சரியான பழமொழிதான். அதன் பொருள் எனக்குப் பிறகுதான் விளங்கியது.

ஐந்து நாள் என் உடம்பைத் தயார் செய்தார்கள். இரத்தம் பார்த்தார்கள், நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டார்கள். இரும்புச்சத்து டானிக் கொடுத்தார்கள், நாக்கு கறுத்துப்போயிற்று. தினம் இரண்டு முட்டை சாப்பிடச் சொன்னார்கள். எங்கள் வீட்டில் முட்டை நுழைந்ததே இல்லை. அத்தைதான் மூக்கைச் சேலைத்தலைப்பால் பொத்திக்கொண்டு பாலில் உடைத்து ஊற்றினார். நான் கண்ணை மூடிக்கொண்டு குடித்தேன். யார் முதலில் சிரித்தது என்று நினைவில்லை. அந்த ஆஸ்பத்திரியில் நாங்கள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

எடுத்ததில் சொல்ல ஒன்றுமில்லை. மயக்க மருந்து கொடுத்தார்கள், விழித்தபோது தொடையில் கட்டு. ஒரு சாண் நீளம், உள்ளங்கை அகலம். ஐந்தாம் நாள், கட்டைப் பிரிக்கக் கூடாது, நனைக்கக் கூடாது, பன்னிரண்டாம் நாள் வந்துவிட வேண்டும் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். அத்தை அவரோடு தங்கினார்.

எட்டாம் நாள் அகப்பைக் காம்பும் உதவவில்லை. கட்டை அவிழ்த்தேன். எங்கள் ஊரில் சொறி, சிரங்கு, அக்கி எது வந்தாலும் முதலில் கை போவது கோயில் புற்றுமண்ணுக்குத்தான். நெற்றியில் இடுவோம், குழைத்துப் பூசுவோம். பிறந்ததிலிருந்து பூசியிருக்கிறேன். வேண்டிக்கொண்டு, மாடத்திலிருந்த மண்ணைக் குழைத்துப் பூசினேன். யாரும் பூசச் சொல்லவில்லை. குளிர்ச்சியாக இருந்தது. அன்று நன்றாகத் தூங்கினேன்.

பதினோராம் நாள் காய்ச்சல் கண்டது. மறுநாள் பாளையங்கோட்டையில் கட்டைப் பிரித்த நர்சு டாக்டரைக் கூப்பிடப் போனாள். தொடை முழுக்கச் சீழ்.

என்ன வைத்தீர்கள் என்று கேட்டார். சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"அவருக்கு மருந்தே ஒங்க ஒடம்புதாம்மா. அதக் கெடுத்துட்டியளே" என்றார்.

காய்ச்சல் உடம்பிலிருந்து எடுத்தால் இருவருக்கும் ஆபத்து என்று வலது தொடையை விட்டுவிட்டார். எனக்குப் பெனிசிலின் (சீழை அடக்கும் ஊசி மருந்து) போட்டார்கள். காய்ச்சல் விட்ட பிறகு பார்க்கலாம் என்றார்கள். அன்று மாலை என் கணவர் கட்டிலருகே போய் நின்றேன். முகத்தில் காயமில்லை. கண்ணைத் திறந்து பார்த்தார்.

"காலு ஆறிட்டா?"

"ஆறிட்டு" என்றேன். அதன்பின் காய்ச்சல் விடும்வரை என்னை அவரருகே விடவில்லை. நான் அவரிடம் பேசிய கடைசி வார்த்தை அந்தப் பொய்தான்.

அதிலிருந்து எட்டாம் நாள் காலை அவர் போய்விட்டார். என் காய்ச்சல் முந்தின நாள்தான் விட்டிருந்தது. எட்டு நாள் முன்னால் மூடியிருந்தால் பிழைத்திருப்பாரா என்று டாக்டரிடம் கேட்டேன். பிழைத்திருப்பார் என்று என்னால் சொல்ல முடியாது, மாட்டார் என்றும் சொல்ல முடியாது என்றார். அவருக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை. எனக்கு அழுகை வரவில்லை. காது அடைத்ததுபோல் இருந்தது, வெகுநாள் அப்படியே இருந்தது.

துக்க வீட்டில் என்னை ஒரு வேளைச் சாப்பாட்டோடு நிறுத்தப் பார்த்தார்கள். பதினாறாம் நாள் கழியாத வீட்டில், அத்தனை பேர் பார்க்க, அத்தை பாலில் முட்டையை உடைத்துக்கொண்டு வந்தார். ரணம் இன்னும் ஆறியிருக்கவில்லை.

"நான் அவரக் கொன்னுட்டேன் அத்தே" என்றேன்.

அத்தை கிண்ணத்தைக் கீழே வைக்கவில்லை. "நானா இருந்தாலும் மண்ணத்தான் வச்சிருப்பேன். குடி. கடைசியா கட்டப் பிரிக்கும்போது பாத்தேன் தாயி. ஒன் தோலு அவன் நெஞ்சுல அப்படியே இருந்துச்சு. விழவே இல்ல."

குடித்தேன்.

கொடுக்கப் போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். கொடுத்த அன்றோடு வேலை முடிந்துவிடாது. அரித்தால் கட்டை அவிழ்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சாமியை நெற்றியில் வைத்துக்கொள்ளுங்கள், ரணத்தில் வைக்காதீர்கள். உங்களை நீங்களே பட்டினி போடாதீர்கள், நோயாளி தப்பினாலும் தப்பாவிட்டாலும்.

என் கால் நன்றாக இருக்கிறது. நடக்கிறேன், தண்ணீர் சுமக்கிறேன், கரிவலம்வந்தநல்லூரில் பள்ளிக்கூட வேலைக்குத் தினம் பஸ்ஸில் போய் வருகிறேன். அந்த ஒரு சாண் இடத்தில் மட்டும் உணர்ச்சி வரவில்லை. குளிக்கையில் அங்கே தண்ணீர் விழுவது தெரியாது, சத்தத்தை வைத்துத்தான் அறிகிறேன்.

இப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது என்கிறார்கள். என்னில் ஒரு சாண் இருபத்தாறிலேயே அவரோடு எரிந்துவிட்டது. மிச்சத்துக்கு வேளாவேளைக்குச் சோறு போட்டு வளர்த்துவருகிறேன்.