மூணு எண்ணும் நேரம்

எங்க அண்ணனைத் தெருவுல யாரும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டாங்க. கல்நெஞ்சன்தான். இருபது வருஷமா ஒரே நாடகத்துல, பெத்த அப்பாவை வீட்டை விட்டுத் துரத்துற மகனா நடிச்சா வேற எப்படிக் கூப்பிடுவாங்க? காய்கறிக்காரம்மா அவனுக்கு மட்டும் அழுகின தக்காளியாப் பொறுக்கிப் போடும். "அப்பாவுக்குச் சோறு போடாதவனுக்கு இது போதும்"னு சொல்லும். அண்ணன் விழுந்து விழுந்து சிரிப்பான்.

நான் அதே குழுவுல வசனம் எடுத்துக் கொடுக்கிறவ. மேடையோரம் படுதாவுக்குப் பின்னாடி ஒரு ஸ்டூல், கையில நோட்டு. எத்தனை வருஷம் நடிச்சவனுக்கும் ஒரு நாள் மறக்கும். யாராவது திகைச்சு நின்னா மனசுக்குள்ள மூணு எண்ணுவேன். அதுக்குள்ள வரலைன்னா முதல் வார்த்தையைக் கிசுகிசுப்பேன். முந்திக் கொடுத்தா நடிகனுக்குக் கோபம் வரும், பிந்திக் கொடுத்தா ஜனம் கொட்டாவி விடும்.

குழுவை நடத்துற வாத்தியார் சொல்வார்: "முதல்ல சிரிக்க வைங்க. சிரிச்சாத்தான் ஜனம் வாயைத் திறக்கும், திறந்தாத்தான் மருந்தை ஊத்த முடியும்." அப்படித்தான் நடக்கும். நாடகத்து அப்பாவோட கண்ணாடியை ஒளிச்சு வெச்சுட்டு அண்ணன் பண்ற அட்டகாசத்துல கூரை பிச்சுக்கிட்டுப் போகும். கடைசியில அவர் காலைப் பிடிச்சுக்கிட்டு, "அப்பா, இந்தப் பாவியை ஒரு தடவை மகனேன்னு கூப்பிடுங்க"ன்னு கதறும்போது, அரங்கம் முழுக்க மூக்கு உறிஞ்சுற சத்தம்தான். ஒரு பஸ் டிரைவர் கடுதாசி போட்டிருந்தார், நாடகம் பாத்த மறுநாளே முதியோர் இல்லத்துலருந்து அப்பாவைக் கூட்டிட்டு வந்துட்டேன்னு.

ஊருக்கெல்லாம் நல்லது பண்ணின நாடகம் எங்க வீட்டுக்குப் பண்ணினதைக் கேளுங்க. அம்மா சாகக் கிடந்த அன்னைக்கு நான் லீவு போட்டுட்டு அவங்க பக்கத்துல இருந்தேன். அண்ணன் மேடையில இருந்தான். டிக்கெட் எல்லாம் வித்தாச்சு, முடிச்சுட்டு ஓடி வந்துடலாம்னு நினைச்சான். முகத்துச் சாயம்கூடக் கழுவாம வந்து நின்னப்ப அம்மா போயிருந்தாங்க. அப்பா வாசல்லயே மறிச்சார். "ஊருக்குத்தான் உபதேசமாடா? இனிமே என் முகத்துல முழிக்காதே." அத்தோட எட்டு வருஷம் பேச்சே இல்லை. அப்பாவும் லேசுப்பட்டவர் இல்லை, தான் பிடிச்ச முயலுக்கு மூணே காலுன்னு நிப்பார்.

போன மாசம் அப்பா படுத்த படுக்கையானார். டாக்டர் கையை விரிச்சுட்டார். ஒரு நாள் காலையில அப்பா என்னைக் கூப்பிட்டு, என் முகத்தைப் பாக்காமலே, "அவனை வரச் சொல்லு"ன்னார். எனக்குக் கால் தரையில நிக்கலை. ஓடினேன்.

மத்தியானம் அண்ணன் வந்தான். கட்டில் பக்கத்துல நின்னான். அவன் முதுகுக்குப் பின்னாடி நான், கையில தண்ணித் தம்ளரோட. அப்பா அவனையே பாத்தார். அவன் வாயைத் திறந்தான், ஒண்ணும் வரலை. எந்த மேடையிலயும் அவன் அப்படி நின்னு நான் பாத்ததில்லை. அப்பாவோட கை போர்வைக்குள்ளருந்து மெதுவா வெளிய வந்துச்சு.

பாழாப்போன என் வாய்! இருபது வருஷப் பழக்கம். நான் மூணு எண்ணினது எனக்கே தெரியாது. "அப்பா, இந்தப் பாவியை..."ன்னு கிசுகிசுத்துட்டேன்.

அவனும் பழக்க தோஷத்துல பிடிச்சுக்கிட்டான். "அப்பா, இந்தப் பாவியை ஒரு தடவை மகனேன்னு கூப்பிடுங்க!" அதே குரல், அதே ஏத்த இறக்கம், கடைசி வரிசைக்கும் கேக்குற மாதிரி. சொல்லி முடிச்சதும் அவன் முகம் செத்துப்போச்சு.

அப்பாவுக்குக் காது நல்லாவே கேக்கும். கையை உள்ள இழுத்துக்கிட்டார். "இதுக்குக்கூட உன் தங்கச்சி எடுத்துக் கொடுக்கணுமாடா?" கோபமாகூடச் சொல்லலை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துட்டார். அண்ணன் கட்டிலைப் பிடிச்சுக்கிட்டு, "அப்பா, அப்பா"ன்னு சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். அது அவனோட சொந்த அழுகை. அப்பா திரும்பவே இல்லை. மறுநாள் காலையில போயிட்டார்.

"நீ என்ன பண்ணுவே, விடு"ங்கிறான் அண்ணன். நாலு திட்டு திட்டினாலாவது எனக்கு ஆறும்.

நாடகம் இன்னும் நடக்குது. கடைசிக் காட்சியில இப்பல்லாம் அவன் வசனம் பேசுறதில்லை. அப்பாவா நடிக்கிறவர் காலைப் பிடிச்சுக்கிட்டு, வாயைத் திறந்தபடி அப்படியே இருக்கான். ஜனம் தேம்பித் தேம்பி அழுவுது. "இதுதான்யா நடிப்பு"ங்கிறார் வாத்தியார். நான் நோட்டை மூடி மடியில வெச்சுக்கிட்டு எண்ணுறேன். பத்து வரைக்கும், சில நாள் இருபது வரைக்கும். அன்னைக்கு நாலு எண்ணியிருந்தாப் போதும்.