எங்களுக்கு மட்டும் தராத திறப்பு

கொரோனா வந்து, ஊரடங்கு போட்டு, கொழும்பே வாயை மூடிக்கொண்டு கிடந்த முதல் மாதம் அது. 2020 ஏப்ரல். நாங்கள் இருப்பது வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில், ஒரு தொடர்மாடியின் மூன்றாம் மாடி. ஆறிப்போன கதையை ஆறுதலாகச் சொல்கிறேன் என்று நினைத்து வாசிக்காதீர்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை. இதை எழுதும்போதே கொதி வருகிறது.

என் கணவருக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. கிழமைக்கு இரண்டு தரம் ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தத்தைச் சுத்திகரிக்க வேண்டும். டயலிசிஸ் என்றால் எல்லோருக்கும் விளங்கும். ஒரு தரம் தவறினால் உடம்பில் நீர் கோத்து மூச்சு முட்டும். அடுத்ததும் தவறினால் ஆள் மிஞ்சமாட்டார். வைரஸ் வந்தாலென்ன, ஊரடங்கு வந்தாலென்ன, போயே ஆக வேண்டும். பொலிஸில் பாஸ் எடுத்து, தெரிந்த ஓட்டோக்காரர் ஒருவரைப் பிடித்துப் போய்வந்துகொண்டிருந்தோம்.

பயம் எனக்கும் இருந்தது. சும்மா பயமில்லை. கடையிலிருந்து வந்த வெங்காயத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழுவியவள் நான். காசுத்தாளைக் கொடியில் கிளிப் குத்திக் காயப்போட்டேன். யாரோ சொன்னார்கள் என்று கொத்தமல்லி அவித்து அவித்துக் குடித்தேன். அவருக்குத் தண்ணீர் அளவாகத்தான் கொடுக்கலாம் என்பதால் அவருடைய பங்கையும் நானே குடித்தேன். ஆஸ்பத்திரியால் வந்ததும் உடுப்பைக் கதவுக்கு வெளியே வைத்த வாளிக்குள் போட்டுவிட்டுத்தான் உள்ளே காலெடுத்து வைப்போம். அதனால் எங்கள் தொடர்மாடியில் இருந்தவர்கள் பயந்தது பிழை என்று நான் சொல்ல வரவில்லை. வயதானவர்கள் இருந்தார்கள், நெஞ்சு வருத்தக்காரர் இருந்தார், கீழ்வீட்டில் பிறந்து இரண்டு மாதம்கூட ஆகாத குழந்தை ஒன்று இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்வருகிற எங்களைக் கண்டு பயப்படாமல் வேறு யாரைக் கண்டு பயப்படுவது?

ஆனால் பயப்படுவதற்கும் ஒரு முறை இல்லையா?

எங்கள் கட்டடத்துக்கு ஒரு கமிட்டி. கண்டறியாத கமிட்டி! தண்ணி மோட்டர் பழுதானால் மூன்று மாதம் கூட்டம் போடுகிறவர்கள், கொரோனா என்றதும் ஒரே இரவில் சுறுசுறுப்பாகிவிட்டார்கள். எல்லா வீட்டாரும் இருக்கிற வட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. ஆஸ்பத்திரிகளுக்குப் போய்வருகிறவர்கள், நிலைமை சீராகும்வரை வேறு இடத்தில் தங்கும்படி அன்போடு கேட்டுக்கொள்ளப்படுகிறார்களாம். ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தது எங்கள் ஒரு வீடுதான். பெயரைப் போட்டே எழுதியிருக்கலாம். அந்த 'அன்போடு' என்ற சொல்லைப் பார்க்கத்தான் எனக்கு விசர் பிடித்தது.

செயலாளருக்குப் போன் எடுத்தேன். வங்கியில் பெரிய பதவியில் இருந்து ஓய்வுபெற்றவர். எங்கள் வீட்டு விசேஷம் எல்லாவற்றுக்கும் வந்து மூக்குமுட்டச் சாப்பிட்டவர்.

"ஒரு மாதத்துக்கு அவரை ஆஸ்பத்திரியிலையே வைச்சிருக்கச் சொல்லிக் கேளுமன் தங்கச்சி."

"அண்ணை, அது ஹோட்டல் இல்லை. மெசின் முடிஞ்ச உடனை அனுப்பிப்போடுவினம்."

"அப்ப கொட்டாஞ்சேனையிலை உம்மடை தம்பி இருக்கிறார்தானே. அங்கை நிண்டு போய்வாருங்கோவன். கீழை பச்சைப் பிள்ளை ஒண்டு இருக்கு, யோசிச்சுப் பாரும்."

என் தம்பியின் வீடு இரண்டே அறை. ஐந்து பேர். அதில் ஒருவர் தொய்வு வருத்தத்தில் இழுத்துக்கொண்டிருக்கும் அவன் மாமியார். அங்கே தொற்றினால் பரவாயில்லையாம்! கொட்டாஞ்சேனை நுரையீரல் வேறு, வெள்ளவத்தை நுரையீரல் வேறு போலிருக்கிறது. அதை அப்படியே கேட்டேன். அவர் செருமிவிட்டு, "இது என்ரை முடிவில்லை தங்கச்சி, கமிட்டியின்ரை முடிவு," என்று போனை வைத்தார்.

பிறகு ஒவ்வொருவராகத் தனித்தனியே எனக்குச் செய்தி அனுப்பத் தொடங்கினார்கள். 'அக்கா, நான் ஒண்டும் சொல்லேல்லை, கமிட்டிதான்.' 'அன்ரி, குறை நினைக்காதீங்கோ, கமிட்டிதான்.' வந்த செய்தி எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தால் அந்தக் கமிட்டியில் ஒரு மனிசரும் இல்லை. பிறகு யார்தான் முடிவெடுத்தது, லிப்டா?

நான் குழுவிலேயே எழுதினேன். இது எங்கள் சொந்த வீடு, நாங்கள் போவோம், வருவோம், மாஸ்க் போடுவோம், ஒருவரிலும் முட்டமாட்டோம், லிப்ட் பட்டனைத் துடைத்துவிட்டுப் போவோம், வேறு என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள் என்று. ஒருவரும் பதில் எழுதவில்லை. சரி, ஒத்துக்கொண்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த முறை போய்த் திரும்பியபோது மத்தியானம் தாண்டிவிட்டது. டயலிசிஸ் முடிந்து வருகிறவரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பிழிந்து உதறாமல் போட்ட துணி போலத்தான் இருப்பார்கள். பிரஷர் விழுந்துவிடும், கால் குறண்டி இழுக்கும், உடனே படுக்க வேண்டும். ஓட்டோக்காரர் எங்களைக் கேற்றடியில் இறக்கிவிட்டு இன்னொரு நோயாளியை ஏற்றப் போய்விட்டார். காவலுக்கு இருந்த வாட்சர் ஊரடங்குக்கு முதலே தன் ஊரான ஹட்டனுக்குப் போய்விட்டதால் கேற்றுக்குச் சங்கிலி போட்டுப் பூட்டியிருக்கும், ஒவ்வொரு வீட்டிடமும் அந்தப் பூட்டின் திறப்பு ஒன்று இருக்கும். நான் எங்கள் திறப்பைப் போட்டேன். உள்ளே போகவில்லை. திருப்பிப் போட்டேன், போகவில்லை. பிறகுதான் பூட்டை வடிவாகப் பார்த்தேன். புதுப் பூட்டு.

செயலாளருக்குப் போன் எடுத்தேன். அடித்து அடித்து ஓய்ந்தது. குழுவில் எழுதினேன். வாசித்ததற்கு அடையாளமாக நீலக் கோடுகள் மட்டும் வந்தன. நிமிர்ந்து பார்த்தேன். ஊரடங்கில் எல்லோருக்கும் பல்கனிதானே உலகம், பாதிப் பல்கனிகளில் ஆட்கள் நின்றார்கள்.

"ஆரெண்டாலும் வந்து திறவுங்கோ!" என்று கத்தினேன்.

இரண்டாம் மாடியில் நின்ற அம்மா, கொடியில் கிடந்த ஈர உடுப்புகளை அவசர அவசரமாக அள்ளிக்கொண்டு உள்ளே போனார். மற்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றார்கள். அந்த நேரம் என் போனுக்கு யாரோ ஒரு செய்தி அனுப்பினார்கள். 'அக்கா, பூட்டு மாத்தினவை. எல்லா வீட்டுக்கும் புதுத் திறப்புத் தந்தவை. உங்களுக்குத் தரேல்லையோ?'

அதாவது, மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்த அத்தனை பேரிடமும் திறப்பு இருந்தது.

எனக்கு என்ன வாயில் வந்தது என்று இங்கே எழுத முடியாது. பக்கத்து ஒழுங்கைக்கும் கேட்டிருக்கும். என் கணவர் விழாமலிருக்கக் கேற்றுக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். ஊசி குத்திய கை. அப்படி இறுக்கியதில் பிளாஸ்டருக்குக் கீழே சிவப்பு ஊறத் தொடங்கியது. பிறகு முழங்கையால் வழிந்தது. அந்த இடத்து இரத்தம் லேசில் நிற்காது, அழுத்திப் பிடித்தால்தான் உண்டு. அவரை நிலத்தில் இருத்தி, என் கைலேஞ்சித் துணியை மடித்து வைத்து இரண்டு கையாலும் அழுத்தினேன். போன் எங்கோ விழுந்துவிட்டது. வெயில் தலையில் நேரே விழுகிறது, தார் ரோட்டுச் சூட்டில் அந்த மனிசன் இருக்கிறார், கண் சொருகுகிறது.

"சத்தம் போடாதையுமப்பா," என்றார் மெதுவாக. "அவையும் பயத்திலைதானே."

அவரையும் கடித்துவிடலாம் போலிருந்தது எனக்கு. இரத்தம் போகும்போதும் இந்த மனிசன் ஊருக்காக நியாயம் பேசுகிறார்! ஆனால் கையை எடுக்க முடியாது. எடுத்தால் அவர் போய்விடுவார் என்று நினைத்தேன். என் இருபத்தெட்டு வருஷ வாழ்க்கை அந்தக் கைலேஞ்சிக்குக் கீழேதான் இருந்தது.

அப்போதுதான் கீழ்வீட்டுக் கதவு திறந்தது. அந்தப் பச்சைக் குழந்தையின் தாய். துப்பட்டாவால் மூக்கையும் வாயையும் சுற்றிக் கட்டிக்கொண்டு, கையில் திறப்போடு வந்தாள். கேற்றுக்கு வர முதல் நின்றுவிட்டாள். துப்பட்டாவை இன்னொரு தரம் இறுக்கிக் கட்டினாள்.

"அக்கா, எனக்குச் சரியான பயம்," என்றாள். அதுதான் அவள் சொன்ன முதல் வார்த்தை. "நான் திறந்துபோட்டுத் தள்ளி நிக்கிறன். நீங்கள் அண்ணையை லிப்டிலை கூட்டிக்கொண்டு போங்கோ. ஒண்டையும் தொடாதீங்கோ. தொட்டாலும் பறவாயில்லை, நான் பிறகு துடைக்கிறன்."

அவள் பூட்டில் கை வைத்ததுதான் தாமதம், அவ்வளவு நேரமும் போன் எடுக்காத செயலாளர் பல்கனியில் முளைத்தார்.

"பிள்ளை! கமிட்டி முடிவு தெரியும்தானே!"

அவள் அண்ணாந்து பார்த்தாள். "தெரியும் அங்கிள். என்ரை பிள்ளைக்காக எண்டுதானே முடிவெடுத்தனீங்கள்? என்னட்டை ஒருக்காக் கேட்டிருக்கலாம்."

சொல்லிவிட்டுத் திறந்தாள். கேற்றைத் தள்ளி வைத்துவிட்டுச் சுவரோடு ஒட்டி நின்றாள். நாங்கள் கடந்து போகும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள் என்று நினைக்கிறேன். மேலே போய் அவரைப் படுக்க வைத்து, இரத்தம் நின்றபிறகுதான் எனக்கு அழுகை வந்தது. குளியலறைக்குள் போய் இருந்து அழுதேன்.

அடுத்த நாள் அவள் போனில் எனக்குச் சட்டங்கள் சொன்னாள். வெளியே போகும்போதும் வரும்போதும் முன்கூட்டியே சொல்ல வேண்டும், கேற்றைத் திறந்து வைத்துவிட்டுப் போய்த் தன் கதவையும் யன்னலையும் சாத்திக்கொள்வாள். கேற்றுக்குப் பக்கத்துப் பைப்பில் கைகால் கழுவிவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். குப்பையை இரண்டு பையில் கட்டவேண்டும். ஒருநாள் என் மாஸ்க் மூக்குக்குக் கீழே இறங்கியிருந்ததை யன்னல் கண்ணாடிக்குள்ளால் கண்டுவிட்டு, போன் எடுத்து என்னை ஏசினாள். என்னைவிட எவ்வளவோ வயது குறைந்தவள், நல்ல ஏச்சு! நான் பேசாமல் வாங்கிக்கொண்டேன். கமிட்டி போட்டதைவிட அவள் போட்ட சட்டம் கடுமை. ஆனால் என் கணவர் உயிரோடு இருப்பதற்கும் அதில் ஒரு வழி இருந்தது. அந்த மாதங்களில் எங்கள் கட்டடத்தில் ஒருவருக்கும் தொற்றவில்லை.

அடுத்த வருஷம் எல்லாம் ஓரளவு அடங்கியபிறகு கார் நிறுத்துமிடத்தில் கதிரை போட்டு வருடாந்தக் கூட்டம் வைத்தார்கள். கொரோனாக் காலத்தில் எங்களையெல்லாம் கட்டிக் காத்ததற்காகச் செயலாளருக்குப் பொன்னாடை போர்த்தப் போகிறார்களாம். எங்களுக்குக் கேற்றைத் திறந்த கீழ்வீட்டுக்காரி அதற்கிடையில் குடும்பத்தோடு வெளிநாடு போய்விட்டாள், அவள் பெயரை ஒருவரும் எடுக்கவில்லை. போர்த்துவதற்கு யாரைக் கூப்பிட்டார்கள் தெரியுமா? இங்கே முதன்முதல் வீடு வாங்கியவர் என்று சொல்லி என் கணவரை!

அந்த மனிசன் எழும்பப் பார்த்தார். அவர் அப்படித்தான். நான் சேர்ட்டைப் பிடித்து இழுத்து இருத்தினேன்.

"அவராலை ஏலாது," என்றேன், எல்லோருக்கும் கேட்க. "கேற்றடியிலை இருந்து களைச்சுப்போனார்."

பொன்னாடையை வேறு யாரோ போர்த்தினார்கள். கைதட்டல் பிசுபிசுத்துப் போனது. இப்போதும் செயலாளர் லிப்டில் கண்டால், "அண்ணை எப்பிடிச் சுகமே?" என்று கேட்பார். "உயிரோடை இருக்கிறார்," என்று மட்டும் சொல்வேன். பழசையெல்லாம் மறந்துவிடச் சொல்லி என் கணவர் அடிக்கடி சொல்கிறார். அந்தக் காலத்தில் பயந்தவர்கள் எவரோடும் எனக்குக் கோபமில்லை. ஆனால் எல்லோரையும்விடப் பயந்த ஒருத்தி நடுங்கிக்கொண்டே வந்து கேற்றைத் திறந்ததை என் கண்ணால் பார்த்தபிறகு, மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தவர்களை மன்னிக்க எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.