திரும்பி வந்த பைகள்

நான் தைப்பது யாரும் உடுத்துகிற துணி இல்லை. வண்டிப் பாகங்கள் ஒரு கம்பெனியிலிருந்து இன்னொரு கம்பெனிக்கு லாரியில் போகும்போது ஒன்றோடொன்று உரசிக் கீறல் விழக் கூடாது. அதற்காகப் பெரிய பிளாஸ்டிக் பெட்டிகளுக்குள் வரிசையாகத் துணிப் பைகளைத் தொங்கவிடுவார்கள். ஒரு பைக்கு ஒரு பாகம். பெட்டி காலியாகித் திரும்பி வரும், மறுபடியும் நிரம்பிப் போகும். அந்தப் பைகளைத்தான் ஒரகடத்திலிருந்து வடக்குப்பட்டுக்குப் போகிற வழியில், ஷட்டர் போட்ட ஒரு கடையில் நானும் வெளியூரிலிருந்து வந்த நாலைந்து பெண்களும் தைக்கிறோம். தையல் சத்தம் கேட்டு உள்ளே வருகிறவர்கள் ஜாக்கெட் தைப்பீர்களா என்று கேட்பார்கள். இல்லை என்றால் முகத்தைச் சுருக்கிக்கொண்டு போவார்கள்.

என் ஊர் சங்கரன்கோவில் பக்கம். படிப்பு முடிந்ததும் இங்கே ஒரு கம்பெனியில் லைன் வேலைக்கு வந்தேன். நாங்கள் போய் வந்த கம்பெனி பஸ்ஸை ஓட்டியவரையே கல்யாணம் செய்துகொண்டு இங்கேயே தங்கிவிட்டேன். அவர் ஸ்ரீபெரும்புதூர்க்காரர். வேலையை விட்டுவிட்டுத் தையல் யூனிட் போடப் போகிறேன் என்று நான் சொன்னபோது அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. "உன்னால முடியும்னா செய். என்னை மட்டும் பஸ்ஸை வுட்டு வரச் சொல்லாத" என்றார்.

கொஞ்ச காலம் நன்றாகத்தான் போனது. ஒரு நடுத்தரக் கம்பெனி, பையின் அளவுகள் போட்ட டிராயிங்கோடு, எங்களுக்குத் தொடர்ந்து ஆர்டர் கொடுத்தது. பிறகு ஒருநாள் அவர்களுடைய வண்டி எங்கள் வாசலில் வந்து நின்று, நாங்கள் அனுப்பியிருந்த பைகளைக் கட்டுக் கட்டாக இறக்கிப் போட்டுவிட்டுப் போனது. பைகளின் வாய் ஓரம் கிழிந்து பிசிறு பிசிறாக நூல் தொங்கியது. அந்த நூல் பாகங்களின் மேல் ஒட்டிக்கொள்கிறதாம். நான் துணிதான் சரியில்லை என்று நினைத்து வேறு துணி வாங்கினேன். வாய் ஓரத்தை மடித்து இரட்டைத் தையல் போட்டு அனுப்பினேன். அவையும் திரும்பி வந்தன, அதே இடத்தில் கிழிந்து.

இரண்டாவது தடவை வந்தபோது எங்கள் பெண்கள் தையலை நிறுத்திவிட்டு எழுந்து வந்தார்கள். ஒருத்தி கட்டைப் பிரிக்கக் கை நீட்டினாள். வேண்டாம், அப்படியே கிடக்கட்டும் என்றேன். அதற்குப் பிறகு நான் ஷட்டரைப் பாதிதான் தூக்கி வைப்பேன். வெளியில் போகிறவர்கள் உள்ளே பார்க்கக் கூடாது என்று ஏனோ தோன்றியது. காலையில் எழுந்ததும் இன்றைக்கு என்ன சாக்குச் சொல்லிப் போகாமல் இருக்கலாம் என்று மனது தேடும்.

அந்தச் சமயத்தில் சிறு தொழில் செய்கிறவர்களுக்காக ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம் நடந்தது. நானும் போனேன். கோட் போட்ட ஒருவர் மேடையில் நடந்துகொண்டே பேசினார். எங்களைக் கண்ணை மூடச் சொன்னார், ஜெயித்துவிட்டதாக நினைக்கச் சொன்னார், பக்கத்தில் இருப்பவரின் கையைத் தட்டச் சொன்னார். நானும் தட்டினேன். பொய் சொல்ல மாட்டேன், உடம்பு சிலிர்த்தது. சாப்பாடும் நன்றாக இருந்தது. ஆனால் திரும்பி வந்து ஷட்டரைத் தூக்கினால் கட்டுகள் அங்கேயேதான் கிடந்தன. பை ஏன் கிழிகிறது என்று அவருக்கு எப்படித் தெரியும், பாவம்.

லைனில் எனக்கு சூப்பர்வைசராக இருந்தவர் இப்போது பெரிய பொறுப்பில் இருக்கிறார். யார் சொல்லிக் கேள்விப்பட்டாரோ, போன் செய்தார். "குவாலிட்டியில ஒரு இடம் காலி இருக்கும்மா. உனக்கு வேலை தெரியும். வந்துடு. ஷிஃப்ட் முடிஞ்சா நிம்மதியா வூட்டுக்குப் போயிடலாம்" என்றார். நல்ல மனிதர், நல்லதற்குத்தான் சொன்னார். யோசித்துச் சொல்கிறேன் சார் என்றேன். வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "போறதுன்னா போ. ஆனா பை ஏன் கிழியுதுன்னு தெரிஞ்சிகினு போ. தெரியாம போனா தினமும் தூக்கத்துல அதையே பேசுவ, நான்தான் கேக்கணும்" என்றார்.

அது எனக்குச் சரியாகப் பட்டது. விடுவதா தொடர்வதா என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் காரணம் தெரிய வேண்டும்.

யாரைக் கேட்பது? இந்தப் பைகளைத் தைக்கிறவர்கள் இங்கே ஒன்றிரண்டு பேர்தான். அதில் ஒருத்தி வல்லக்கோட்டை ரோட்டில் யூனிட் வைத்திருக்கிறாள். அதே கம்பெனிக்கு வேறு பாகங்களுக்கான பைகளைத் தைக்கிறாள். என்னைவிட வயதில் சின்னவள், உள்ளூர்க்காரி. எனக்கு வராத ஆர்டர் எல்லாம் அவளுக்குப் போகிறது என்று அவள் மேல் எனக்கு எரிச்சல் உண்டு. கம்பெனி வாசலில் பார்த்தால் இருவரும் தலையை மட்டும் ஆட்டிக்கொள்வோம். அவளிடம் போய் நிற்பதற்கு எனக்கு ஒரு வாரத்துக்கு மேல் பிடித்தது. கிழிந்த பை ஒன்றைக் கூடையில் போட்டுக்கொண்டு இரண்டு தடவை வண்டியைக் கிளப்பி, வல்லக்கோட்டை முருகனைக் கும்பிட்டுவிட்டு அப்படியே திரும்பி வந்திருக்கிறேன். மூன்றாவது தடவைதான் அவள் வாசலில் வண்டியை நிறுத்தினேன்.

அவள் வெட்டு மேஜையில் துணியை விரித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்து, "இன்னாக்கா, வேவு பாக்க வந்தியா?" என்றாள்.

"இல்லம்மா. ஒண்ணு கேக்கணும்."

பையை எடுத்துக் கொடுத்தேன். அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், இழுத்துப் பார்த்தாள், தையலை நகத்தால் கீறிப் பார்த்தாள்.

"துணி நல்லாத்தான் கீது. தையலும் நல்லாத்தான் கீது."

"பின்ன ஏன் கிழியுது?"

"என்னைக் கேட்டா? கிழியற எடத்துல போய் நின்னு பாத்தியா?"

"லைனுக்குள்ள நம்மள எப்படி விடுவாங்க?"

"கேட்டியா?"

இல்லை என்று தலையாட்டினேன். அவள் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னாள். டீ வந்தது. அவளுக்கும் இப்படி ஒருமுறை மொத்தமாகத் திரும்பி வந்ததாம். யாரிடமும் சொல்லாமல் இருந்துவிட்டுக் கடைசியில் கம்பெனி ஆபீசில் போய் உட்கார்ந்து அழுதாளாம். அவர்கள் பயந்துபோய் உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார்களாம். "நான் அழுதுகினே கேட்டேன். நீ அழாம கேளு. ஆனா கேளு" என்றாள்.

மறுநாளே கேட்டேன். கொள்முதல் பார்க்கும் அதிகாரி முதலில் தயங்கினார். பிறகு, "சரி மேடம், லஞ்ச்சுக்கு முன்னாடி கொஞ்ச நேரம்" என்றார். செக்யூரிட்டியில் என் போன் கேமராவில் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். விசிட்டர்களுக்கு வைத்திருக்கும் பாதுகாப்பு ஷூ எனக்கு ரொம்பப் பெரிது. அதைத் தரையில் தேய்த்துக்கொண்டே நடைபாதைக்குப் போட்ட மஞ்சள் கோடுகளுக்குள் நடந்தேன். லைன் வேலையில் எத்தனையோ வருடம் நடந்தது மாதிரியான தரைதான், ஆனாலும் இப்போது வெளியாளாக நடந்தது என்னவோ போல இருந்தது.

அதிகாரிக்குப் போன் வந்தது, சற்றுத் தள்ளிப் போனார். நான் பெட்டி நிரப்பும் இடத்தில் நின்றேன். அங்கே ஒரு பெண் பாகங்களை எடுத்து, திருப்பி அனுப்பாமல் வைத்திருந்த எங்கள் பைகளுக்குள் இறக்கிக்கொண்டிருந்தாள். கையில் தடித்த கையுறை. பாகத்தோடு கை உள்ளே போகும்போது பையின் வாயில் மாட்டிக்கொள்கிறது. இழுத்து, ஆட்டி, திணித்து இறக்குகிறாள். அதற்குள் அடுத்த பாகம் வந்துவிடுகிறது. பக்கத்துப் பெட்டியில் இருந்த பைகள் எல்லாம் சுலபமாக வாங்கிக்கொண்டன. எட்டிப் பார்த்தேன். அவற்றின் வாய் ஓரத்தில் நேராக ஒரு கீறல் இருந்தது. அது கிழிசல் இல்லை. பிளேடு போட்டது. நாளாக நாளாக அதுதான் பிரிந்து பிசிறாகியிருக்கிறது.

என் பார்வை போன இடத்தை அந்தப் பெண் கவனித்துவிட்டாள். முகம் வெளுத்துவிட்டது.

"பை தைக்கிற அக்காவா நீங்க?" என்றாள். பேச்சைக் கேட்டதும் எங்கள் பக்கம் என்று தெரிந்தது.

"ஆமா. எந்தூரு?"

"தென்காசிப் பக்கம்." குரலைத் தாழ்த்தினாள். "உறையோட கை உள்ள போவ மாட்டேங்குக்கா. உறையக் கழட்டுனா பாகம் கைய வெட்டுது. லைன் நின்னா என்னியத்தான் ஏசுவாக. அதான் எல்லாரும் வாயக் கொஞ்சம் கீறி விட்டுக்கிடுதோம். சொல்லிராதீங்கக்கா."

அதிகாரி திரும்பி வந்தார். மீட்டிங் ரூமில் உட்கார வைத்தார். "என்ன மேடம், பாத்தீங்களா? ஆபரேட்டர்ஸ் யாராவது பிளேடு போடுறாங்களா? எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு. நீங்க சொல்லிட்டா திருப்பி அனுப்புன அந்த லாட்டை இப்பவே பாஸ் பண்ணிடலாம்" என்றார்.

சொல்லியிருந்தால் என் தையல் மேல் தப்பு இல்லை என்று அன்றைக்கே ஆகியிருக்கும். அந்தப் பெண்ணும் அவளோடு நிற்பவர்களும் மெமோ வாங்கியிருப்பார்கள். லைனில் மெமோ வாங்கினால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதைவிட, அவர்களைத் தண்டித்தாலும் கையுறை பைக்குள் போகப் போவதில்லை. அடுத்த மாதமும் ஏதோ ஒரு வகையில் அது கிழியத்தான் போகிறது.

"சார், பையோட வாய் சின்னது. டிராயிங்ல கைக்கு அளவு இருக்கு, கையுறைக்கு அளவு இல்ல. அந்த இடத்துல யாரை நிறுத்துனாலும் இதேதான் நடக்கும்" என்றேன்.

"டிராயிங் நாங்க கொடுத்தது."

"ஆமா சார். அதை மாத்தணும்."

அவர் நாற்காலியில் சாய்ந்து என்னைப் பார்த்தார். டிராயிங்கை மாற்றுவது என்றால் மேலே அனுமதி வாங்க வேண்டும், எத்தனை நாளாகும் என்று தெரியாது என்றார். சாம்பிள் தைத்துக் கொண்டுவந்தால் கேட்டுப் பார்ப்பீர்களா என்றேன். "கொண்டுவாங்க, பாக்கலாம்" என்றார். அவர் சாதாரணமாகச் சொன்னதுதான். எனக்கு அது போதுமாக இருந்தது.

அன்றைக்கு யூனிட்டுக்கு வந்ததும் ஷட்டரை முழுதாகத் தூக்கினேன். வருகிற வழியிலேயே அதே மாதிரிக் கையுறைகளை வாங்கியிருந்தேன். எங்கள் பெண்களிடம் நடந்ததைச் சொன்னேன். எல்லோரும் கையுறையை மாட்டிக்கொண்டு பைக்குள் கையை விட்டுப் பார்த்தார்கள். "இதுல எப்படிக்கா வேலை செய்றாங்க?" என்று ஒருத்தி கேட்டாள். அந்தக் கேள்வியோடுதான் வேலையை ஆரம்பித்தோம்.

முதல் சாம்பிளின் வாயை அகலமாக வைத்தோம். கை சுலபமாகப் போனது. ஆனால் லாரி குலுங்கினால் பாகம் வெளியே வந்து விழாதா என்று பயமாக இருந்தது. அதைச் சோதிக்க என்னிடம் லாரி ஏது? வீட்டுக்காரர்தான் கைகொடுத்தார். ஷிஃப்ட் ஆட்களை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும்போது அளவு பார்ப்பதற்காகக் கம்பெனி முன்பு கொடுத்திருந்த பெட்டியில் சாம்பிள் பைகளைத் தொங்கவிட்டுக் கடைசி சீட்டுக்கு முன்னால் வைத்துக் கட்டினோம். பெட்டியோடு கொடுத்திருந்த பழைய பாகங்களைப் பைகளில் போட்டோம். ஸ்பீட் பிரேக்கர், பள்ளம் எதையும் ஒதுக்காமல் ஓட்டினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பெட்டியையே பார்த்துக்கொண்டு வந்தேன். பாகங்கள் தவளை மாதிரி வெளியே எகிறின.

"இன்னாம்மா, எப்படி?" என்று முன்னாலிருந்து கேட்டார்.

"விழுது."

"சரி, வூட்டுக்குப் போய் வேற வெட்டு."

வேறு வெட்டினோம். அதுவும் சரிப்படவில்லை. பிறகு பின் பக்கத்தை உயரமாகவும் முன் பக்கத்தைத் தாழ்வாகவும் சாய்த்து வெட்டிப் பார்த்தோம். கை முன்னாலிருந்து நுழைந்துவிடும், பாகம் பின்னால் சாய்ந்து நின்றுகொள்ளும். அந்தப் பெட்டியை பஸ்ஸில் ஏற்றிய அன்று ஒன்றுகூட விழவில்லை. அவர் நம்பாமல் வண்டியை ஓரங்கட்டிவிட்டுப் பின்னால் வந்து தானே குனிந்து பார்த்தார்.

அனுமதி வரத் தாமதமானது. அந்த நாட்கள்தான் கஷ்டமானவை. கையில் வேலை இல்லை, பதிலும் இல்லை. ஆட்டோ சீட் கவர், ஹாஸ்டல் ஜன்னல் திரை என்று கிடைத்ததை எல்லாம் தைத்தோம். பழைய சூப்பர்வைசருக்குப் போன் செய்து, மன்னிக்கணும் சார், வரவில்லை என்றேன். "ஆர்டர் வந்துடுச்சா?" என்று கேட்டார். இன்னும் இல்லை சார் என்றேன். "சரிம்மா, வுடாத" என்றார்.

அந்த நாட்களில் வல்லக்கோட்டை ரோட்டுக்காரி அவ்வப்போது போன் செய்வாள். எடுத்த எடுப்பில் "இன்னாச்சு?" என்பாள். வேறு நலம் விசாரிப்பு கிடையாது. அவள் கேட்பாள் என்பதற்காகவே அதிகாரியிடம் போய் நினைவூட்டிவிட்டு வருவேன். ஏதாவது பதில் சொல்ல வேண்டுமே. ஒருநாள் அவளே தயங்கித் தயங்கிக் கேட்டாள். "உன்கிட்ட கீற பொண்ணுங்க ஊருக்குப் போனா திரும்பி வந்துடறாங்களே, எப்படிக்கா? என்கிட்ட பண்டிகைக்குப் போனவங்க அப்படியே வேற கம்பெனிக்குப் போயிடறாங்க." நான் யோசித்துப் பார்த்தேன். பெரிதாக ஒன்றுமில்லை. ஊரிலிருந்து கிளம்பும்போது போன் செய்யச் சொல்வேன். விடியற்காலையில் பஸ் வந்து நிற்கும் இடத்துக்கு நானோ வீட்டுக்காரரோ போய் அழைத்து வருவோம். வந்ததும் எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் ரூமுக்குப் போவார்கள். அதைச் சொன்னேன். "அவ்ளோதானா?" என்றாள். அடுத்த பண்டிகைக்கு அவளும் ஸ்கூட்டரில் போய் நின்றதாகக் கேள்விப்பட்டேன்.

புது டிராயிங் ஒருவழியாக வந்தது. கிடந்த கட்டுகளைப் பிரித்து, கீறல் விழுந்த வாயைச் சாய்வாக வெட்டி, ஓரத்துக்கு நாடா வைத்துத் தைத்தோம். பெரும்பாலான பைகள் பிழைத்தன. அதே கம்பெனியின் இன்னொரு பாகத்துக்கும் எங்களையே கேட்டார்கள். தைப்பதற்கு முன்னால் லைனைப் பார்க்க வேண்டும் என்றேன். இந்தத் தடவை அதிகாரி தயங்கவில்லை. ஷூ மட்டும் அதே பெரிய ஷூ.

நானும் வல்லக்கோட்டை ரோட்டுக்காரியும் தோழிகள் ஆகிவிட்டோம் என்று சொல்ல முடியாது. ஒரே வேலைக்குப் போட்டி போடுகிறவர்கள்தான். போன மாதம் நான் ரொம்ப எதிர்பார்த்திருந்த ஒரு புதுக் கம்பெனி ஆர்டர் அவளுக்குப் போய்விட்டது. அவள் போன் செய்தபோது எடுக்கவில்லை. மறுபடியும் செய்தாள், எடுத்தேன்.

"கோவமா?"

"ஆமா."

"சரி, கோவமாவே வா. புது மெஷினு நூலை அறுத்துகினே கீது. எனக்கு இன்னான்னு புரியல."

எங்கள் பெண்களிடம் மதியத்துக்கான வேலையைச் சொல்லிவிட்டு, வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.