தப்பு எப்போதும் எதிர் வண்டியில்

விபத்தில் அடிபட்ட வண்டியைப் பார்த்து இன்சூரன்ஸுக்கு ரிப்போர்ட் எழுதுவது என் பிழைப்பு. நசுங்கின தகரம் ஒன்று சொல்லும், ஓட்டினவர் வேறொன்று சொல்வார். வண்டி வைத்திருக்கும் உங்களுக்கும் இந்த அவஸ்தை தெரிந்திருக்கும்.

இரண்டு பேரும் நின்றார்கள்

கீரப்பாளையம் பக்கம் ஒரு டிராக்டரும் வேனும் நேருக்கு நேர் முட்டிக்கொண்டன. நல்லவேளை, யாருக்கும் பெரிய அடி இல்லை. வேன்காரர், தான் ஓரங்கட்டி நின்றுவிட்டதாகச் சத்தியம் செய்தார். டிராக்டர்காரரைத் தனியாகக் கேட்டேன். அவரும் நின்றுகொண்டுதான் இருந்தாராம். ரோட்டில் இரண்டு வண்டிகளும் பிரேக் போட்டுத் தேய்த்த தடம் நீளமாகக் கிடந்தது.

நின்ற வண்டிகள் எப்படி முட்டும் என்றேன். டிராக்டர்காரர் அந்தத் தடத்தைக் குனிந்து பார்த்தார். பொய் சொல்கிற முகமாகத் தெரியவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம். "நான் நின்னது எனக்கு நல்லாத் தெரியும் சார். அவரு நின்னதத்தான் நான் பாக்கல."

முன்னாடியும் பின்னாடியும்

அண்ணாகிராமத்தில் ஒரு முந்திரி வியாபாரி. போன வருஷம் காரை ரிவர்ஸ் எடுத்து, பின்னால் வந்த ஆட்டோவை இடித்தார். "பின்னாடி வர்றவன்தான் பாத்து வரணும்" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். இந்த வருஷம் ஒரு லாரி ரிவர்ஸில் வந்து அவர் காரை இடித்தது. "ரிவர்ஸ் எடுக்கிறவன்தானே சார் பாக்கணும்?" என்று குதித்தார்.

பழைய காகிதத்தை எடுத்துக் காட்டினேன். கண்ணாடி போட்டு நிதானமாகப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "இது வேற கேஸ் சார். அன்னிக்கு நான் முன்னாடி இருந்தேன்."

என் ரிப்போர்ட்

சிதம்பரத்தில் ஒரு திருப்பத்தில் என் பைக் ஒரு நர்சிங் மாணவியின் ஸ்கூட்டரை இடித்தது. அவளுக்கு வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு; அடுத்த வாரம் பிராக்டிகல் பரீட்சை. அன்று சாயங்காலம் என் இன்சூரன்ஸ் படிவத்தில், 'ஸ்கூட்டர் திடீரெனக் குறுக்கே வந்ததால்' என்று எழுதினேன். அப்படித்தான் நடந்ததாக நம்பவும் செய்தேன். பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்த என் மனைவி அதைப் படித்தாள். "அந்தப் பொண்ணு நேராத்தான் வந்துச்சி மாமா. நீங்கதான் கை காட்டாம திரும்பினீங்க."

பிறகு அந்த வரியை அடித்துவிட்டு, தப்பு என்னுடையது என்று எழுதினேன். மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போய் அவளிடமும் அவள் அப்பாவிடமும் அதையே சொன்னேன். அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். அவள்தான் கட்டுப்போட்ட கையைப் பார்த்தபடி சொன்னாள்: "நானும் கொஞ்சம் ஜாஸ்தி ஸ்பீடாத்தான் வந்தேன் சார்."

பதினெட்டு வருஷத்தில் இரண்டு தரப்பும் தப்பை ஒத்துக்கொண்ட ஒரே கேஸ் அதுதான், நானே ஒரு தரப்பு என்பதால் அதற்கு ரிப்போர்ட் எழுத எனக்கு அனுமதி இல்லை என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள்.