படிக்கட்டுக்கு அடியில் நான்கு சக்கரங்கள்

ஸ்ரீரங்கத்தில் அப்பா வாங்கிய அடுக்குமாடி வீட்டின் கீழ்த்தளத்தில், படிக்கட்டுக்கு அடியில், நான்கு கார் சக்கரங்கள் இரண்டிரண்டாக அடுக்கிக் கிடந்தன. அத்தான் அலாய் வீல் மாட்டிய அன்று காரிலிருந்து கழற்றிய சக்கரங்கள். பழையவை என்று பெயர்தானே தவிர, அதிகம் ஓடாத டயர்கள். புது டயரின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் ரப்பர் முடிகூட முழுதாக உதிரவில்லை. ஓர் அடுக்கு சரியாக முக்காலி உயரம் இருக்கும். அதன் மேல் செய்தித்தாளை விரித்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, அம்மா ஆட்டோவுக்காக உட்கார்ந்திருப்பாள். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

கார் அப்பாவுடையது. தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்று, கைலாசபுரம் குவார்ட்டர்ஸைக் காலி செய்து ஸ்ரீரங்கத்துக்கு வந்த பிறகு வாங்கினார். அவருக்கு ஓட்டத் தெரியாது. கீழ்வீட்டில் அக்காவும் அத்தானும் இருந்ததால், சாவி அத்தானிடம் போனது. டவுன் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கியே ஆயுளில் பாதியைக் கழித்த அம்மாவிடம் அப்பா சொன்னார்: "இனிமே நீ எங்கயும் நின்னுக்கிட்டு வர வேணாம். என் பக்கத்துல உக்காந்து வா." அப்பா அதிகம் பேசாத மனிதர். அவர் அம்மாவிடம் அப்படி வாய்விட்டுச் சொன்ன வாக்கு எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

அத்தானைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அப்பாவின் மாதாந்திரப் பரிசோதனைக்கு முகம் சுளிக்காமல் லீவு போட்டுவிட்டு அழைத்துப் போவார். ஆனால் அந்தக் கார் கைக்கு வந்ததிலிருந்து மனிதருக்குப் பித்துப் பிடித்துவிட்டது. பதினைந்து அங்குல ரிம் சின்னதாகத் தெரிகிறது என்று பதினேழில் அலாய் வாங்கக் கிளம்பினார். அக்கா இழுத்ததால் நானும் கடைக்குப் போனேன். கடைக்காரர் இரண்டு டயர்களை எடுத்துப் போட்டு, பொறுமையாகத்தான் சொன்னார்: "ரிம் பெருசானா டயரோட சுவர் உயரம் குறையணும் சார். இந்த இருநூத்தஞ்சு, நாப்பத்தஞ்சு போட்டீங்கன்னா பழைய டயர் உசரமே கிட்டத்தட்ட வந்துடும். அந்த இருநூத்திப் பதினஞ்சு, அம்பது போட்டீங்கன்னா ஒரு இஞ்ச் ஏறிடும். இந்த ரிம் வேற கொஞ்சம் வெளிய தள்ளி நிக்கும். ஆளுங்க ஏறினா மட்கார்டுல உரசும்." சின்னதை ரிம்மில் போட்டு ஒரு பக்கம் மாட்டியும் காட்டினார். அத்தான் குனிந்து, அந்த டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே இருந்த இடைவெளியில் கையை விட்டுப் பார்த்தார். "சந்து தெரியுதே. எனக்கு அடைச்சாப்ல நிக்கணும்," என்றார். பெரியதை மாட்டினார்கள். ஐந்து பேரை ஏற்றி ஒரு வேகத்தடை மேல் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்று கடைக்காரர் சொன்னதற்கு, சாமி கும்பிட்டுவிட்டு வருகிறோம் என்று பதில் வந்தது.

தெருமுனைப் பிள்ளையார் கோயில் வாசலில் பூஜை. நான்கு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம், போனட்டில் சந்தனம், குங்குமம், மாலை. நாங்கள் எல்லோரும் ரோட்டோரம் கைகூப்பி நிற்க, அத்தான் ஒருவர் மட்டும் உள்ளே உட்கார்ந்து, நேராக இரண்டடி முன்னால் நகர்த்தினார். பழங்கள் நசுங்கின. இறங்கி வந்து, "கேட்டீங்களா, சத்தமே இல்ல. அந்தாளு சும்மா பயமுறுத்துறான்," என்றார். குடும்பமே ஏறிப் போகப்போகிற வண்டிக்கு ஒற்றை ஆளை வைத்துச் செய்த சோதனை அதுதான். அதற்கு மேல் ஒரு சோதனையும் நடக்கவில்லை.

முதல் பயணம் மருங்காபுரிக்கு, உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்கு. முன்னால் அத்தானும் அப்பாவும், பின்னால் நான், அக்கா, அம்மா. முதல் வேகத்தடையில் ஏறி இறங்கியதும் பின்பக்கத்திலிருந்து, தேங்காய் துருவுவது போல, கரகரவென்று ஒரு சத்தம். பாரத்தில் வண்டி தாழ்ந்து, மட்கார்டின் விளிம்பு டயரின் தோளில் உரசியது. போகும் வழியெல்லாம் அந்தத் துருவல்தான். மண்டபத்தில் இறங்கியதும் அத்தான் டயரைத் தடவிப் பார்த்தார். மட்கார்டைத் தடவிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பார்வை அம்மாவிடம் வந்து நின்றது. "அத்தை ஏறினா வண்டி உக்காந்துடுது," என்று சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். கனத்த உடம்புக்காரி; ஆயுள் முழுக்க இந்தக் கேலிக்கு இப்படியே சிரித்துப் பழகியவள்.

திரும்பும்போது அம்மாவைப் பஸ்ஸில் வரச் சொன்னார் அத்தான். நானும் கூடவே பஸ் ஏறினேன். அதன் பிறகு எங்கே கிளம்பினாலும், "அத்தை, நீங்க ஒரு ஆட்டோ பிடிச்சுப் பின்னாடியே வந்துடுங்களேன்," என்பது வழக்கமாகிவிட்டது. அப்பா ஒருமுறை, "அப்ப நானும் அவகூட ஆட்டோலயே வரேன்," என்று கதவைத் திறந்து இறங்கிவிட்டார். அம்மாதான் பதறிப்போய் அவரைத் திரும்ப உள்ளே தள்ளினாள். மாப்பிள்ளை மனம் கோணக் கூடாதாம். மாப்பிள்ளை என்று ஒருவனுக்குப் பெயர் வைத்துவிட்டால் அவன் தலையில் ஏறி உட்கார்ந்தாலும் இந்த வீடுகளில் விசிறிவிடுவார்கள். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. "பழைய வீல் கீழதானே கிடக்கு, எடுத்து மாட்டுங்க அத்தான்," என்று முகத்துக்கு நேராகவே சொன்னேன். "ஒரு ஆளுக்காகவா?" என்று கேட்டார். வாய் கூசாமல் கேட்டார்.

அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது ஒரு காலை வேளையில். அக்கா போனில் அழுதாள். நான் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடம், ஆஸ்பத்திரி இருக்கிற அதே தில்லை நகரில்தான் இருக்கிறது. ஆஸ்பத்திரி வாசலுக்கு நான் ஓடிப் போய் நின்ற சிறிது நேரத்தில் கார் வந்தது. பின்சீட்டில் அக்கா மடியில் தலை வைத்து அப்பா. முன்சீட்டில் பிளாஸ்க்கும் போர்வையும் திணித்த ஒரு துணிப்பை. பெல்ட் போடாவிட்டால் கார் கத்தும் என்று அந்தப் பைக்கு பெல்ட் மாட்டியிருந்தார் அத்தான். அம்மா இல்லை.

"அம்மா எங்க?" என்றேன்.

"ஆட்டோல வராங்க," என்றார் அத்தான், கண்ணைப் பார்க்காமல்.

ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்தபோது அப்பா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "உங்கம்மா ஏறலையா?" என்று கேட்டார். வந்துகொண்டிருக்கிறாள் என்றேன். அவசர சிகிச்சைப் பிரிவின் கதவு வரை என்னைத் தாண்டி வாசலையே பார்த்துக்கொண்டு போனார். காவிரிப் பாலத்தில் நெரிசல். அம்மா வந்து இறங்கியபோது கதவு சாத்தியாகிவிட்டது. அந்தக் கதவுக்குப் பின்னால் அப்பா கண் திறக்கவே இல்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் அத்தானைக் கேட்டேன். என் குரல் தெருவுக்கே கேட்டிருக்கும். அவர் சொன்ன பதில் இதுதான்: "நான் வர வேணாம்னு சொல்லவே இல்லையே. அத்தையாத்தானே போய் அந்த டயர் மேல உக்காந்தாங்க." உண்மைதான். அன்று யாரும் சொல்லவில்லை. சொல்லத் தேவையே இல்லாதபடி செய்து வைத்திருந்தார். புருஷன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு துடிக்கிறபோதும், தான் ஏறினால் வண்டி தாழ்ந்துவிடும், போகிற வேகம் குறைந்துவிடும் என்று தன்னைத்தானே ஒரு மூட்டையாக எண்ணி ஒதுங்கிக்கொண்டாள் அந்த மனுஷி. ஒரு துணிப்பைக்குக் கிடைத்த சீட் அவளுக்குக் கிடைக்கவில்லை. இதை நான் மன்னிக்கவில்லை. பெரிய மனசு பண்ணு என்று அக்கா சொல்கிறாள். எனக்கு அந்த மனசு வேண்டாம்.

அடுத்த வருடம் அத்தான் காரை விற்றார். அலாய் வீலைக் கழற்றித் தனியாக எடுத்துக்கொண்டு, படிக்கட்டுக்கு அடியில் கிடந்தவற்றைத் திரும்ப மாட்டினார். சாப்பிட்ட பிறகு ஆரம்பித்த வேலை, காபி நேரத்துக்குள் முடிந்துவிட்டது. வாங்க வந்தவர் தன் குடும்பத்தையே ஏற்றிக்கொண்டு தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். ஒரு சத்தமும் இல்லை. நான் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டே நின்றேன். இவ்வளவுதானா, இவ்வளவுதானா என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

இப்போது என்னிடம் ஒரு சின்னக் கார் இருக்கிறது. கம்பெனியிலிருந்து வந்த அதே டயர்கள். போன வெள்ளிக்கிழமை அம்மாவைக் கண் டாக்டரிடம் அழைத்துப் போக ஸ்ரீரங்கம் போனேன். காரில் நான் மட்டும்தான். முன்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அம்மா லிஃப்டிலிருந்து வெளியே வந்தாள். காரைப் பார்த்தாள். பிறகு நேராகப் படிக்கட்டுக்கு அடியில் போய், சக்கரங்கள் கிடந்த இடத்தில், உட்கார ஒன்றும் இல்லாமல், கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நீ முன்னாடி போம்மா," என்றாள். "நான் ஆட்டோல வந்துடறேன்."