பின்னால் வந்த வயிறு

டென்மார்க்கில் விபோர்க் நகருக்குப் போகும் வழியில் ஓர் இறக்கம். பிரேக் மிதித்தும் எங்கள் காம்பர் வான் நிற்கவில்லை. போற இடத்தில் ஓடித்திரியவென்று பின்னால் கட்டி இழுத்துவந்த மகளின் கார் எங்களைத் தள்ளியது. பக்கத்தில் மகள். முன்னால் போன லொறியில் மோதாமல் தப்பி வீதியோர ஓய்விடத்தில் இறங்கினோம்.

அங்கே சொசேஜ் தின்றுகொண்டிருந்த பெருத்த யாழ்ப்பாணத்தார் ஒருவர் மீசையில் ஒட்டிய கடுகுச் சோஸைத் துடைத்தபடி கேட்டார்: “காருக்கு ஆர் பிரேக் பிடிக்கிறது?”

“வானுக்கு நல்ல பிரேக் இருக்குது, அண்ணை.”

“அப்ப எனக்கு முன்னால கெதியா நடவும்.” நாலடி போனதும், “நில்லும்!”

நின்றேன். அவர் நிற்கவில்லை. அவர் வயிறு என்னைக் குப்பைத்தொட்டி வரை தள்ளியது. மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

“கண்டீரோ? இழுபடுற காருக்கும் பிரேக் வேலை செய்யவேணும். இல்லாட்டிப் பொலிஸ் பிடிக்கும். பொலிஸ் விட்டா எமன்.”

மகள் தன் காரைக் கழற்றித் தனியே ஓட்டிவந்தாள். அவர் பெயரைக் கேட்கவில்லை. இன்றும் பிரேக் மிதிக்கும்போதெல்லாம் என் முதுகு அந்த வயிற்றை எதிர்பார்க்கிறது.