முட்டுப் பிரிக்க வந்த காலை

வீடு கட்டத் தொடங்குகிறவனுக்குச் செங்கலும் மணலும் வந்து சேரத்தான் நாளாகும். யோசனைகள் அன்றைக்கே வந்து இறங்கிவிடும். பாளையங்கோட்டைக்குத் தெற்கே, கால்வாய்க் கரையோரம் வயலை மனைகளாகப் பிரித்து விற்றபோது அப்பாவும் ஒன்று வாங்கினார். தொண்ணூறுகளின் தொடக்கம். நான் மூன்றாம் வகுப்பில் இருந்தேன். கயிறு பிடித்துச் சுண்ணாம்புக் கோடு போட்ட அன்றே அப்பாவின் ஆபீஸ்காரர்கள் வந்து நின்று அடுப்படியை மூலைக்கு மூலை நகர்த்தினார்கள். பால்காரர் தலைவாசலையே திருப்பி வைக்கச் சொன்னார். அப்பா எல்லாருக்கும் தலையாட்டினார். ஆனால் அவர் கேட்டது ஒருவர் பேச்சைத்தான், பெரியப்பா பேச்சை.

பெரியப்பா ஏற்கெனவே இரண்டு வீடு கட்டியவர். தம்பியைப் படிக்க வைத்து, உத்தியோகத்தில் சேர்த்து, கல்யாணமும் முடித்து வைத்தவர். அவர் எதிரில் அப்பா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. சாயங்காலமானால் ஸ்கூட்டரில் வந்து, எழும்பிய சுவரைக் கையால் தட்டிப் பார்ப்பார். அவர் தட்டிய பிறகுதான் அப்பாவுக்கு அது சுவராகும்.

ஆவணி பிறந்ததும் மேல்தளம் போட்டார்கள். பாதித் தளம் முடிந்திருந்தபோது கலவை மிஷின் படுத்துவிட்டது. வேறு மிஷின் வந்து சேர்வதற்குள் ஏற்கெனவே கொட்டியது இறுகிப்போயிற்று. கொத்தனார் கையைப் பிசைந்தார். பெரியப்பா அசரவில்லை.

“சிமெண்டுப் பால ஊத்தி மேல போடும்வே. ஒட்டிக்கிடும்.”

தளம் காயக் கூடாதென்று அதன்மேல் பாத்தி கட்டித் தண்ணீர் தேக்குவார்கள். அந்த வேலையை அம்மா எடுத்துக்கொண்டாள். தினமும் காலையில் வாடகை வீட்டிலிருந்து வந்து, சாரத்தில் ஏறிக் குடம் குடமாக ஊற்றுவாள். பிறகு கீழே இறங்கி, தளத்தைத் தாங்கி நின்ற சவுக்குக் கம்புகளுக்கு நடுவே அண்ணாந்து நிற்பாள். மற்ற இடமெல்லாம் ஈரம் மட்டும் கசிய, கூடமாகப் போகிற பட்டாலையின் நடுவில் ஒரு கோடு மட்டும் சொட்டிக்கொண்டே இருந்தது. பழையதும் புதியதும் சேர்ந்த இடம் அது.

அம்மா அப்பாவிடம் சொன்னாள். அப்பா பெரியப்பாவிடம் பைய எடுத்துச் சொன்னார். பெரியப்பா சிரித்தார்.

“பொம்பளையளுக்குக் கட்டடம்னாலே பயந்தான்.”

ஆவணியின் கடைசி முகூர்த்தத்தில் பால் காய்ச்சுவது என்று அவர் நாள் குறித்திருந்தார். புரட்டாசியில் குடிபோகும் வழக்கமில்லை. திருச்செந்தூர்ச் சொந்தங்கள் வரைக்கும் பத்திரிகை போய்விட்டது. தரையும் பூச்சும் பிறகு ஆகட்டும், பட்டாலையில் ஆட்கள் நிற்க இடம் வேண்டும் என்று முட்டுக் கம்புகளைத் தட்டி எடுக்கச் சொன்னார்.

“ஈரம் இன்னும் வாங்கல அண்ணாச்சி” என்றார் கொத்தனார். “சாரல் வேற நிக்க மாட்டேங்கு. ஒரு வாரம் கெடக்கட்டுமே.”

“ஏன்வே, நான் கட்டாத வீடா?”



மறுநாள் காலை எல்லாரும் மனையில் நின்றோம். சாரல் முகத்தில் அடித்தது. வாசல் பக்கத்து முதல் முட்டுக் கம்பைக் கொத்தனார் சம்மட்டியால் தட்டினார். கம்பு சரிந்து விழுந்தது. மேலே எங்கோ பலகை ஒன்று முனகியது.  இரண்டாவது கம்புக்கு அவர் குனிந்தபோது அம்மா அவரைத் தாண்டி உள்ளே போனாள். சொட்டுகிற கோட்டுக்கு நேர் கீழே, ஈர மண்ணில், சேலையை இழுத்து மூடிக்கொண்டு உட்கார்ந்தாள்.

“ஏலே, உம் பொண்டாட்டிய வெளிய வரச் சொல்லு” என்றார் பெரியப்பா.

அப்பா வாசலிலேயே நின்றார்.  

“நீங்க தட்டச் சொல்லுங்க பெரியத்தான்” என்று உள்ளேயிருந்து அம்மா குரல் வந்தது. “விழாதுன்னா நான் இங்கன இருக்கதுல என்ன?”

பெரியப்பாவின் முகம் சிவந்தது. அவரை யாரும் அதுவரை எதிர்த்துப் பேசியதில்லை.

“வீம்புக்கு உக்காந்திருக்கா. தட்டும்வே!”

கொத்தனார் சம்மட்டியைத் தூக்கினார். தூக்கியவர் அப்படியே நின்றார்.

எனக்கு அங்கே நடப்பது ஏதோ விளையாட்டுப் போலத் தோன்றியிருக்க வேண்டும். கம்புகளுக்கு இடையில் வளைந்து வளைந்து ஓடி அம்மா மடியில் போய் விழுந்தேன். அவள் என்னை அணைத்துக்கொள்வாள் என்றுதான் நினைத்தேன். அவள் துள்ளி எழுந்து என் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள். அதற்கு முன் அவள் என்னை அடித்ததே கிடையாது.

“போடி வெளிய! வெளிய போடி!”

அது அம்மாவின் குரலாகவே இல்லை. என் தோளைப் பிடித்து அவள் தள்ளிய வேகத்தில் வாசலருகே மணலில் போய் விழுந்தேன். சித்தாள் ஒருத்தி என்னை வாரி எடுத்துக்கொண்டு கால்வாய்ப் பக்கம் ஓடினாள். அவள் தோள்வழியே திரும்பிப் பார்த்தேன். அம்மா பழைய இடத்திலேயே போய் உட்கார்ந்திருந்தாள்.

அப்போதுதான் அப்பா அசைந்தார். செருப்பைக் கழற்றி வாசலில் விட்டார். ஈரத் தளத்துக்கு அடியில் நடந்துபோய் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“நாளத் தள்ளி வச்சிக்கிடலாம் அண்ணே” என்றார்.

கொத்தனார் சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டு, விழுந்த கம்பை எடுத்துத் திரும்பவும் நட்டு, அடியில் ஆப்பு இறுக்கினார். பெரியப்பா ஸ்கூட்டரை மிதித்தார். அது உடனே கிளம்பவில்லை. மிதித்துக்கொண்டே இருந்தார். யாரும் அவர் பக்கம் பார்க்கவில்லை.

ஐப்பசியில் பால் காய்ச்சினோம். பெரியப்பா வரவில்லை. அதற்கு முன்பே முட்டுகளைப் பிரித்தாயிற்று. அன்றைக்கு அம்மா என்னைக் கால்வாய்க்கு அப்பால் நிறுத்தி, கை வலிக்கும்படி பிடித்துக்கொண்டிருந்தாள். தளம் நின்றது. இன்றும் நிற்கிறது. பிற்பாடு இரு வீட்டுக்கும் போக்குவரத்து ஏற்பட்டபோது, “அன்னைக்கே நின்னிருக்கும்” என்று பெரியப்பா ஒருமுறை சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். இருக்கலாம். அம்மா அவருக்கு இன்னும் ஒரு கரண்டி சொதி ஊற்றினாள்.

அம்மா என்னை அறைந்த அன்று வீடு திரும்பியபோது அப்பாவின் சைக்கிள் முன்கம்பியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்னை விரட்டிவிட்டு அப்பாவை மட்டும் பக்கத்தில் உட்காரவிட்டாளே என்பதுதான் எனக்கு ஆறவில்லை. பெரியவர்கள் வீம்புக்காக எங்கேயாவது உட்காருவார்கள், பிறகு எழுந்துவிடுவார்கள் என்று நினைத்திருந்தேன். ராத்திரி சோறு பிசைந்து ஊட்டும்போது பருக்கைகள் அம்மாவின் விரல்களிலிருந்து சிந்திக்கொண்டே இருந்தன. சரியாகப் பிடிக்கத் தெரியவில்லை உனக்கு என்று நான் அவளைக் கோபித்துக்கொண்டேன்.